மார்க்கெட் குப்பையில் ஆட்டோ ஓடுமா? வேலூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

விடியற்காலையில் லாரிகள் சரக்கை இறக்கிவிட்டுப் போன பிறகு நேதாஜி மார்க்கெட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். முட்டைக்கோஸின் மேலிலைகள், காலிஃபிளவர் தண்டு, வாழைத்தார்க் காம்பு, நசுங்கிய தக்காளி எல்லாம் கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். அதைக் காட்டி, "இதில் ஆட்டோ ஓட்டலாம்" என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. நான் 20 ஆண்டுகளுக்கு மேல் ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு, சத்துவாச்சாரியில் எங்கள் தெருக்காரர்களோடு சேர்ந்து ஒரு சின்ன கோபர் கேஸ் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் டீக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

குப்பையில் வண்டி ஓடுவது உண்மையா, பேச்சுக்குச் சொல்வதா?

உண்மை. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை, ஒரு நாளைக்கு 550 டன் மக்கும் குப்பையை வாங்கிக்கொள்ளும் அளவுக்குக் கட்டப்பட்டது. அதிலிருந்து நாளொன்றுக்கு 17,000 கிலோ எரிவாயுவும் 100 டன் உரமும் எடுப்பது திட்டம். அந்த வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. ஸ்வீடனில் லின்ஷாப்பிங் என்ற ஊரில் 2005-ல் ஒரு ரயிலையே இந்த வாயுவில் ஓட்டினார்கள். ஐதராபாத் போயன்பள்ளி காய்கறிச் சந்தையில், தினமும் சேரும் 10 டன் அளவிலான கழிவிலிருந்து சுமார் 500 யூனிட் மின்சாரமும் அங்குள்ள உணவகத்துக்கு 30 கிலோ அளவில் சமையல் வாயுவும் எடுக்கிறார்கள்.

நமக்கு இது புதுசும் அல்ல. கிராமத்தில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இரும்புத் தொப்பி கவிழ்த்த கோபர் கேஸ் தொட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். அதே வாயுவைச் சுத்தம் செய்து அழுத்தி அடைத்தால் வண்டிக்கு ஆகும்.

வாயு எப்படி உண்டாகிறது?

மாட்டின் வயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத இடம், உடம்புச் சூடு, உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். தொட்டியும் அப்படித்தான். கூழாக்கிய குப்பையை உள்ளே விட்டதும் ஒரு வகை நுண்ணுயிர் மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கும். அடுத்தது அதைப் புளிக்கவைத்து அமிலமாக்கும். கடைசியாக வருவது அந்த அமிலத்தைத் தின்று, எரியும் வாயுவான மீத்தேனைக் கக்கும். இந்தக் கடைசி வகைதான் ரொம்பவும் மென்மையானது. புளிப்பு ஏறினால் செத்துவிடும், குளிர்ந்தால் முடங்கிவிடும். உள்ளே போன குப்பை வெளியே வர 25 முதல் 40 நாள் ஆகும்.

இவற்றுக்குப் பிடித்த சூடு 35 டிகிரியை ஒட்டியது. குளிர்நாடுகளில் தொட்டியைச் சூடாக்கவே விளைந்த வாயுவில் ஒரு பங்கை எரிக்கிறார்கள். நம் ஊர் வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனால் இந்த ஒரு வேலைக்கு வேலூர் வெயில் வரம் என்றுதான் சொல்வேன். எங்கள் தொட்டி சித்திரை, வைகாசியில் தரும் வாயுவையும் மார்கழியில் தரும் வாயுவையும் ஒப்பிட்டால், கேஸ் அடுப்பு எரியும் நேரத்திலேயே வித்தியாசம் தெரியும்.

வீட்டு கோபர் கேஸை அப்படியே வண்டியில் அடைக்க முடியாதா?

முடியாது, கூடவும் கூடாது. தொட்டியிலிருந்து வரும் வாயுவில் மீத்தேன் 55 முதல் 65 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பங்கு கரியமில வாயு. கூடவே ஈரமும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமும் இருக்கும். கரியமில வாயு எரியாது, சிலிண்டரில் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஈரமும் சல்பைடும் சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும். அடுப்புக்கு இதெல்லாம் பொறுக்கும், எஞ்சினுக்கும் சிலிண்டருக்கும் பொறுக்காது.

அதனால் வாயுவை முதலில் இரும்புத் துகள் வழியாக அனுப்பிச் சல்பைடை நீக்குவார்கள். பிறகு அழுத்தத்தில் தண்ணீரில் கழுவியோ, சல்லடை போன்ற பொருள்கள் வழியாகச் செலுத்தியோ கரியமில வாயுவைப் பிரிப்பார்கள். வண்டிக்கு விற்கும் வாயுவில் குறைந்தது 90 சதவீதம் மீத்தேன் இருக்க வேண்டும் என்பது 2016-ல் வந்த இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 16087. அதன் பிறகு 200 மடங்குக்கு மேல் காற்றழுத்தத்தில் அழுத்தி அடைப்பார்கள். இப்படிக் கிடைப்பதைத்தான் சிபிஜி, அழுத்தப்பட்ட உயிரிவாயு என்கிறோம். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் சிஎன்ஜி என்ற அழுத்தப்பட்ட இயற்கை வாயுவிலும் இருப்பது அதே மீத்தேன். அது பூமிக்கடியிலிருந்து வருகிறது, இது நம் சமையலறையிலிருந்து வருகிறது.

யூடியூபில் பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரை வைத்து கோபர் கேஸை சமையல் சிலிண்டரில் அடைக்கும் வீடியோக்கள் சுற்றுகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கு என்று கேட்டாலும் விடாதீர்கள். சல்பைடு அரித்த இரும்புக்குள் அழுத்தம் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் நகரில் நூறு வீடு இருக்கிறது. நாங்களே ஒரு பிளான்ட் போட்டு எங்கள் ஆட்டோக்களை ஓட்டிக்கொள்ள முடியுமா?

ஆசையோடு கேட்கப்படும் கேள்வி இது. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் மக்கும் குப்பை சேரும். நூறு வீட்டுக்கு 60 கிலோ என்று வையுங்கள். நல்ல சமையலறைக் கழிவு ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 100 கன மீட்டர் வாயு தரும். அப்படியானால் 60 கிலோவுக்கு 6 கன மீட்டர். அதைச் சுத்தம் செய்தால் வண்டி எரிபொருளாக இரண்டரைக் கிலோவுக்குக் கீழே நிற்கும். சிஎன்ஜி ஆட்டோ கிலோவுக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் ஓடும். ஆக, நூறு வீட்டின் ஒரு நாள் குப்பை, ஒரே ஒரு ஆட்டோவின் ஒரு நாள் ஓட்டத்துக்குத்தான் வரும்.

அந்த ஓர் ஆட்டோவுக்காகச் சுத்திகரிப்பு எந்திரமும், உயர் அழுத்தக் கம்ப்ரஸரும், வெடிபொருள் பாதுகாப்புத் துறையான பெசோவின் உரிமமும், படித்த ஆபரேட்டரும் வேண்டும். கட்டுப்படியே ஆகாது. அதே 6 கன மீட்டரை அப்படியே அடுப்பில் எரித்தால் இரண்டரைக் கிலோ சமையல் வாயுவுக்குச் சமம். ஐந்தாறு நாளுக்கு ஒரு வீட்டுச் சிலிண்டர் மிச்சம். ஒரு சத்துணவுக் கூடத்துக்கோ அம்மா உணவகத்துக்கோ அது பெரிய உதவி.

அதனால் என் எண்ணம் இதுதான்: தெரு அளவில் அடுப்பு, ஊர் அளவில் வண்டி. வண்டி எரிபொருள் வேண்டுமென்றால் தெருக்கள் தனித்தனியே எந்திரம் வாங்கக் கூடாது, குப்பையை ஒன்றுசேர்க்க வேண்டும். அந்தக் கூட்டு முயற்சியில் தெருவின் வேலை, பிளாஸ்டிக் கலக்காத ஈரக் குப்பையைத் தினமும் தவறாமல் கொடுப்பது. கேட்கச் சின்ன வேலையாகத் தெரியும். இந்தத் திட்டங்கள் வாழ்வதும் சாவதும் அங்கேதான்.

சரி, ஊர் அளவில் என்றால் வேலூரில் அந்த அளவுக்குக் குப்பை எங்கே இருக்கிறது?

எங்கே இல்லை? வேலூர் மாநகராட்சி 60 வார்டு. அதை விட்டுவிட்டு, ஒரே இடத்தில் மொத்தமாகக் கிடைப்பதை மட்டும் பாருங்கள். நேதாஜி மார்க்கெட்டும் உழவர் சந்தைகளும். கல்லூரி விடுதிகள். மருத்துவத்துக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்து தங்குபவர்களை நம்பி மருத்துவமனையைச் சுற்றி இயங்கும் நூற்றுக்கணக்கான சாப்பாட்டுக் கடைகளும் லாட்ஜுகளும். கல்யாண மண்டபங்கள். திடக்கழிவு விதிகளின்படி நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்கள் தங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே கையாள வேண்டும். இடம் இல்லாத மண்டபத்துக்காரர், அருகில் ஆலை இருந்தால் சந்தோஷமாகக் கொடுப்பார்.

ஊருக்கு வெளியே வந்தால் இன்னும் நல்ல சரக்கு. செவ்வாய்க்கிழமை கூடும் பொய்கை மாட்டுச் சந்தையின் சாணம். அம்முண்டியில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, திருப்பத்தூர்ப் பக்கம் கேத்தாண்டப்பட்டியில் இன்னொன்று. கரும்புச் சாற்றைத் தெளியவைக்கும்போது ஒதுங்கும் ஆலைச் சேறு இருக்கிறதே, அதை நாடு முழுவதும் சிபிஜி ஆலைகள் தேடி வாங்குகின்றன. ஆட்டிய கரும்பில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு அந்தச் சேறு. நாமக்கல் புதுச்சத்திரத்தில் இயங்கும் ஆலையும் கோழிப்பண்ணை, ஆலைக் கழிவுகளை நம்பித்தான் தொடங்கப்பட்டது.

பழைய வட ஆற்காடு 1989-ல் இரண்டாகவும், மிஞ்சிய வேலூர் 2019-ல் மூன்றாகவும் பிரிந்தது. நிர்வாகத்துக்கு அது வசதி. ஆனால் குப்பைக்கு மாவட்ட எல்லை தெரியாது. வேலூர் மார்க்கெட்டும் ராணிப்பேட்டை விடுதிகளும் அம்முண்டி ஆலைச் சேறும் ஒரு மணி நேர லாரித் தூரத்துக்குள் இருக்கின்றன. மூன்று மாவட்டமும் பேசி ஒரு நல்ல ஆலை கட்டுவது, மூன்று அரைகுறை ஆலை கட்டுவதைவிட மேல்.

"மார்க்கெட் தழையை எங்க மாடுங்க தின்னுது. அதையும் புடுங்கிக்கினு போய் வண்டிக்கு ஊத்தப் போறீங்களா சார்?"

கொசப்பேட்டையில் மாடு வளர்க்கும் ஒரு பெரியவர் கேட்டது. அவர் கேட்டதில் நூறு சதவீதம் நியாயம் இருக்கிறது.

மாடு தின்னக்கூடியது முதலில் மாட்டுக்கே போகட்டும். முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு கழுநீர்ப் பானை இருக்கும், அரிசி களைந்த தண்ணீரும் வடித்த கஞ்சியும் காய்த்தோலும் பால்காரரின் மாட்டுக்குப் போகும். அதைவிட நல்ல மறுசுழற்சி எது? திட, திரவ வள மேலாண்மை என்ற முறையால் நாடெங்கும் அறியப்பட்ட வேலூர் சீனிவாசன் சொல்லிவந்த வழியும் இதுதான்: முதலில் மாடு, பிறகு சாணத்திலிருந்து வாயு, கடைசியில் உரம். சத்தீஸ்கரின் அம்பிகாபூர் வரை அந்த முறை போய்ச் சேர்ந்தது. வேலூரில் தொடங்கிய யோசனையை வேலூர் மறந்துவிடக் கூடாது.

அழுகியது, புளித்தது, மசாலாவும் எண்ணெயும் கலந்த எச்சில் சோறு, ஈரம் ஊறி நாறும் இலை ஆகியவற்றைத்தான் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். எச்சில் சோற்றை அளவில்லாமல் தின்று வயிறு உப்பிச் செத்த மாடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

தோல் தொழிற்சாலைக் கழிவைப் போடலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் நண்பர்கள் தவறாமல் கேட்பது. தோலிலிருந்து சுரண்டி எடுக்கும் சதைக் கழிவில் கொழுப்பும் புரதமும் நிறைய. வாயு நன்றாகவே வரும். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இதில் பல ஆண்டுகளாக வேலை செய்திருக்கிறது. ஆனால் அது தனி ஆலையாகத்தான் இருக்க வேண்டும். சுண்ணாம்பும் சல்பைடும் ஊறிய கழிவு அது. தோலைப் பதப்படுத்தக் குரோமியம் ஏற்றிய பிறகு வரும் துண்டுகள் ஒன்றிரண்டு கலந்தாலும், வெளியே வரும் கூழை எந்த நிலத்திலும் விட முடியாது. பாலாற்றுக்கரை நிலங்கள் பட்டது போதும். சாப்பாட்டுக் கழிவோடு அதைக் கலக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

"இந்த கேஸை ஊத்துனா எஞ்சின் போயிடாதாண்ணா?"

கிரீன் சர்க்கிள் பக்கம் நிற்கும் ஆட்டோ தம்பி ஒருவர் கேட்டார். தரம் பார்த்த சிபிஜி என்றால் போகாது தம்பி. சிஎன்ஜி கிட் உள்ள எந்த வண்டியிலும் எதையும் மாற்றாமல் அடிக்கலாம். பாதி சிஎன்ஜி இருக்கும் சிலிண்டரில் மீதியைச் சிபிஜியால் நிரப்பலாம். இழுவையும் மைலேஜும் பெரிதாக மாறாது. ஒரு கிலோ சிஎன்ஜியில் உள்ள சக்தி கிட்டத்தட்ட 1.4 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம்.

ஆனால் உன் ஆட்டோ எல்பிஜி ஆட்டோவா, சிஎன்ஜி ஆட்டோவா என்று முதலில் பார்த்துக்கொள். இரண்டையும் "கேஸ் வண்டி" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எல்பிஜி டேங்க் குறைந்த அழுத்தத்துக்குச் செய்தது. 200 மடங்கு அழுத்தத்தை அது தாங்காது. கிட் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். சிஎன்ஜி சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் கொடுக்க வேண்டும். 'சவாரி போய்விடும்' என்று அந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதே.

கசிந்தால்? மீத்தேன் காற்றைவிட லேசு, மேலே போய்விடும். எல்பிஜிபோல் தரையில் தங்காது. அதனால் திறந்த இடத்தில் ஆபத்து குறைவு. மூடிய ஷெட்டில், கூரைக்கடியில் தங்கும். இரவு வண்டி நிறுத்தும் இடத்தில் மேலே ஒரு காற்றுத் துவாரம் இருக்கட்டும்.

பேருந்து ஓடுமா?

ஓடும். காட்பாடியிலிருந்து பாகாயம் வரை 1, 2-ஆம் நம்பர் பஸ்ஸில் போகாத வேலூர்க்காரர் உண்டா? அந்தத் தடம் ஒருவழிக்கு 15 கிலோமீட்டருக்குள். வாயுவில் ஓடும் பேருந்து கிலோவுக்கு நான்கு கிலோமீட்டர் வரை போகும் என்று வைத்தால், ஒரு நடைக்கு நான்கு கிலோ. ஒரு டன் சுத்தமான குப்பையில் 30 கிலோ வாயு. இந்தூரின் கணக்கும் ஏறக்குறைய அதேதான். ஆக ஒரு டன்னுக்கு ஏழெட்டு நடை. நாளைக்கு 50 டன் பிரித்த குப்பை சேர்ந்தால் ஏறக்குறைய 375 நடை. தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 2024-ல் சிஎன்ஜி பேருந்துகளைச் சோதனையாக ஓட்டத் தொடங்கிவிட்டன. அந்த பஸ்ஸுக்குச் சிபிஜியை அடிக்கத் தனியாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நாறாதா? வெடிக்காதா?

மூடிய தொட்டி நாறாது. நாறுவது, வந்த குப்பையைக் கொட்டி வைத்து நாளைக்குப் பார்க்கலாம் என்று விடும் முற்றம்தான். அன்றன்றைக்கு அரைத்து உள்ளே விட்டுத் தரையைக் கழுவினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். சதுப்பேரி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்த நாள்களில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குத் தெரியும், நாற்றம் எங்கிருந்து வந்தது என்று. மூடாமல் குவித்த குப்பையிலும் அதே மீத்தேன்தான் உண்டாகிறது. அங்கே அது வானத்துக்குப் போகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது.

வெடிப்பைவிட நான் அதிகம் பயப்படுவது வேறொன்று. தொட்டியைத் தூர்வார, அடைப்பு எடுக்க என்று யாராவது உள்ளே இறங்குவது. சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆள் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். மலக்குழிச் சாவுகளில் நாம் பார்ப்பது இதுதான். வாயு எடுத்துவிட்டோம், திறந்து வைத்திருக்கிறோம், ஐந்தே நிமிட வேலை என்று யார் சொன்னாலும், பாதுகாப்புக் கருவியும் பயிற்சியும் இல்லாமல் ஓர் உயிரையும் உள்ளே இறக்காதீர்கள். எந்திரத்தை நிறுத்திவையுங்கள், ஒரு மாதம் வாயு வராவிட்டாலும் பரவாயில்லை.

வாயு எடுத்த பிறகு மிஞ்சும் கூழை என்ன செய்வது?

யாரும் முதலில் கேட்காத, முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நான் போய்ப் பார்த்த ஆலைகள் சிலவற்றில் வாயுவுக்குக் குறையே இல்லை. கூழை அப்புறப்படுத்த வழியில்லாமல்தான் திணறிக்கொண்டிருந்தார்கள். ஒரு டன் குப்பைக்கு ஏறக்குறைய ஒரு டன் தண்ணீர் கலந்து உள்ளே விட்டால், மறுபக்கம் கிட்டத்தட்ட இரண்டு டன் கூழ் வரும். தினமும் வரும். வாயுவாகப் போகும் எடை மிகக் கொஞ்சம்.

இந்தக் கூழ் அருமையான உரம். குப்பையிலிருந்த தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஏறக்குறைய முழுவதும் இதில் இருக்கும், ஏனென்றால் வாயுவாகப் போனது பெரும்பாலும் கரிமமும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். தண்ணீரில் கரைத்து வாய்க்காலோடு விடலாம். வடிகட்டிக் கெட்டியான பங்கை இலைதழையோடு மக்கவைத்துத் தொழுவுரமாகவும் போடலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்த் தோட்டங்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன. கரும்பு, வாழை, நெல் போடும் விவசாயிகள் சுற்றிலும் இருக்கிறார்கள். அப்புறம் ஏன் தேங்குகிறது? விவசாயிக்கு உரம் வேண்டியது நடவுக்கு முன்னும் சில வாரங்களும்தான். ஆலைக்கோ 365 நாளும் கூழ் வருகிறது. இடையில் தேக்கிவைக்கக் குளம் வேண்டும், கொண்டுபோக டேங்கர் வேண்டும், அந்த டேங்கருக்குப் பணம் வேண்டும். பிளாஸ்டிக் துணுக்கு ஒன்று தெரிந்தாலும் அந்த விவசாயி அடுத்த முறை வாங்கமாட்டார்.

இந்த உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவித்தொகை தர மத்திய அரசு 2023-ல் முடிவு செய்தது. அது கைக்கு வந்தால் லாரி வாடகைக்கு உதவும். ஆனால் என் ஆலோசனை, ஆலைக்குக் கால்கோள் நடும் முன்பே பத்துக் கிராமத்து விவசாயிகளிடம் ஏக்கர் கணக்கோடு பேசிவிட வேண்டும் என்பது. வாயு வாங்க ஆள் தேடுவது எளிது, கூழ் வாங்க ஆள் தேடுவதுதான் கடினம்.

ஆடியிலும் மார்கழியிலும் குப்பை குறைந்துவிடுமே?

நம் ஊர் காலண்டரைத் தெரிந்தவர் கேட்ட கேள்வி. தை, ஆவணி முகூர்த்த நாளில் ஒவ்வொரு மண்டபத்திலும் ஆயிரம் இலை விழும். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும். ஆயுத பூஜைக்கு மறுநாள் வாழைக்கன்றும் உடைத்த பூசணியும் மலைபோல் குவியும். விடுதிகள் கோடை விடுமுறையில் காலி. தொட்டிக்குள் இருக்கும் உயிர்களுக்கோ தினமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே வகைச் சாப்பாடு வேண்டும். ஒரு நாள் விருந்து, மறுநாள் பட்டினி என்றால் புளித்துப்போகும்.

எங்கள் தொட்டியில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு சித்திரை மாதம், ஜூஸ் கடைக்காரர் ஒருவர் பிழிந்த எலுமிச்சைத் தோலும் சாத்துக்குடித் தோலும் மூட்டை மூட்டையாகக் கொடுத்தார். இலவசமாகக் கிடைக்கிறதே என்று இரண்டு நாளில் அத்தனையையும் உள்ளே விட்டேன். மூன்றாம் நாள் அடுப்பு நீலமாக எரிவதை நிறுத்தியது. ஐந்தாம் நாள் பற்றவே இல்லை. சுண்ணாம்புத் தெளிவு ஊற்றி, சாப்பாட்டை நிறுத்தி, புதுச் சாணம் கரைத்து ஊற்றி, மறுபடி எரிய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் எதிர்வீட்டு அம்மா, "என்னங்க, கேஸ் வரலையா இன்னைக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஊர் அளவு ஆலைக்கு மருந்து, சாணத்தையும் ஆலைச் சேற்றையும் அன்றாடச் சோறாக வைத்துக்கொண்டு, மண்டபக் கழிவைத் தொடுகறிபோல் அளந்து சேர்ப்பதுதான். சாணத்தில் வாயு குறைவு, 25 கிலோவுக்கு ஒரு கன மீட்டர்தான் வரும். ஆனால் புளிப்பைத் தாங்கும், தொட்டியை நிதானமாக வைத்திருக்கும்.

பணம் யார் தருவது? விற்றால் யார் வாங்குவது?

சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 அக்டோபர் 1-ல் மத்திய அரசு 'சதத்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 5,000 ஆலைகள், ஆண்டுக்கு 1.5 கோடி டன் வாயு என்பது இலக்கு. எண்ணெய் நிறுவனங்கள் கிலோவுக்கு 46 ரூபாயில் வாங்கத் தொடங்கின, பிறகு விலை சிஎன்ஜி சந்தை விலையோடு இணைக்கப்பட்டது. 5,000 என்ற இலக்கின் அருகில்கூட நாடு இன்னும் வரவில்லை. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் நாளுக்கு 4,800 கிலோ திறனுக்கு 4 கோடி ரூபாய் என்ற கணக்கில் மானியம் அறிவித்தது. நகர எரிவாயு நிறுவனங்கள் 2025-26 முதல் தாங்கள் விற்கும் வாயுவில் 1 சதவீதம் சிபிஜி சேர்க்க வேண்டும், அது படிப்படியாக ஏறி 2028-29-ல் 5 சதவீதமாக வேண்டும் என்ற கட்டாயமும் வந்துள்ளது. அதனால் வாங்க ஆள் இருக்கிறார்கள்.

எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒப்பந்தம் போடும்போது கட்டுமானச் செலவை மட்டும் பேசாமல், பத்து ஆண்டுக்கு யார் நடத்துவது, கூழை யார் எடுப்பது, பிரிக்காத குப்பையைத் திருப்பி அனுப்பும் உரிமை ஆலைக்கு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்கு வாயு வருமானத்தில் ஒரு பங்கு போகவேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். வீதியில் கையைவிட்டு பாட்டிலையும் நாப்கினையும் பிரிப்பது அவர்கள். அவர்கள் இல்லாமல் ஒரு கிலோ வாயுகூட வராது.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது?

பழைய சோறு, வடித்த கஞ்சி, குழம்பு, காய்த்தோல், கெட்ட மாவு, டீத்தூள், அழுகிய பழம், பூ மாலையில் நாரைப் பிரித்து எடுத்த பூ எல்லாம் போடலாம். வாழை இலையும் வாழைத்தண்டும் நறுக்கிப் போட வேண்டும், முழுசாகப் போட்டால் மிதந்து மேலே ஆடை கட்டும். பிரியாணிக் கடைக் கழிவில் சோறும் வெங்காயத்தோலும் சரி, எலும்பு வேண்டாம். தேங்காய்ச் சிரட்டை, முட்டை ஓடு, நொங்குக் கூடு, தென்னை மட்டை, கடலைத்தோல் எதுவும் வேண்டாம். மாம்பழத் தோல் போடலாம், கொட்டை கூடாது. போன ஆனியில் எங்கள் அரவை எந்திரத்தின் பிளேடு உடைந்தது ஒரு மாங்கொட்டையில்தான். சோப்புத் தண்ணீர், பினாயில், ஆசிட் பட்ட எதுவும் கிட்டேயே வரக் கூடாது. எலுமிச்சைத் தோலைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன், கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.